100 பங்கு, 9 வெள்ளி 15 சென்

"மாமா, பங்கு வாங்க எந்த ஆப்பு நல்ல ஆப்பு?" என்று கேட்டான் அக்காள் மகன். தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு, அதை மறந்துவிடாதே என்றேன்.

சிலியாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறான். விடியலில் போனால் மதியம் இரண்டு மணிக்குள் வீடு. புர்சா மலேசியாவின் பிற்பகல் வியாபாரம் 2.30 முதல் 5 மணி வரை என்பதால் நேரம் தோதுதான். அவன் கைப்பேசியில் இரண்டு செயலிகளை இறக்கிப் பார்த்தோம். ஒன்று புதுத் தரகருடையது, மற்றது ஒரு வங்கியினுடையது.

புதியது மைக்காட் அடையாள அட்டையையும் முகத்தையும் படம் பிடித்துக்கொண்டு கணக்கைத் திறந்துவிட்டது. வங்கிச் செயலி படுத்தியது. லயத்துக்குள் லைன் கிடைக்காததால் ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துபோகும். மூன்றாம் முறை தண்ணீர்த் தொட்டியருகே நின்றுதான் முடித்தோம். திரையும் பழைய பாணி. விலைப் பட்டியலைப் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

அடுத்து காசுக் கணக்கு. இங்கே குறைந்தது 100 பங்கு வாங்க வேண்டும். பங்கு 5 வெள்ளி என்றால் 500 வெள்ளி. வங்கிச் செயலியில் தரகு 8 வெள்ளி, முத்திரைத் தீர்வை 1 வெள்ளி, தீர்வகக் கட்டணம் 15 சென். ஆக 9 வெள்ளி 15 சென். விற்கும்போதும் இதே அளவு போகும். அதாவது விலை 5.19க்கு ஏறினால்தான் கையைக் கடிக்காது. புதியதில் தரகும் தளக் கட்டணமும் 3 வெள்ளிக்குள் அடங்கியதால் செலவு பாதிக்கும் கீழே.

அப்படியானால் புதியதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன், பங்கு யார் பெயரில் இருக்கும் என்று பார்க்கும் வரை. 2017இல் வந்த ரக்குத்தேன் டிரேட், 2024இல் வந்த மூமூ போன்றவற்றில் பங்கு நியமனக் கணக்கில், தரகர் தரப்புப் பெயரில் இருக்கும். உரிமம் உள்ள தரகர் என்றால் பயமில்லை. ஈவுத்தொகையும் வந்து சேரும். ஆனால் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகத் தரகரிடம் கேட்க வேண்டும். புதிய பங்கு வெளியீட்டில் பொதுமக்கள் குலுக்கலுக்கு விண்ணப்பிக்கவும் சொந்தப் பெயரில் சிடிஎஸ் எனும் மத்திய வைப்பகக் கணக்கு வேண்டும். வங்கிச் செயலி அதைத் தந்தது.

பங்கு என்றாலே தோட்டத்துப் பெரியவர்களுக்கு, இந்தியர்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய மைக்கா முதலீட்டு நிறுவனம் ஞாபகம் வரும். 1980களில் 1 வெள்ளிக்கு வாங்கிய பங்குக்கு 2010இல் பேசப்பட்ட விலை 80 சென். அவர்கள் முன்னால் 'பங்கு உன் பெயரில் இல்லை, ஆனால் உன்னுடையதுதான்' என்று விளக்க எனக்குத் தைரியமில்லை.

மாதாமாதம் சில்லறையாக வாங்குபவருக்குப் புதியது போதும். ஆண்டுக்கு இரண்டு தடவை வாங்கிப் பூட்டிவைக்கும் இவனுக்கு வங்கிச் செயலிதான். எதுவானாலும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் உரிமப் பட்டியலில் பெயரைத் தேடிவிட்டு இறக்குங்கள். தனிநபர் கணக்கில் பணம் போடச் சொன்னால் அது செயலியே அல்ல.

எஸ்டி கத்ரி பங்கைக் கேட்டான். 2024 வரை சைம் டார்பி பிளான்டேஷன் என்றிருந்த அதே நிறுவனம். விலை வரம்பு 5 வெள்ளி என்று போட்டோம். நாலரை மணி வாக்கில் கிடைத்தது. 509 வெள்ளி 15 சென் கழிந்தது. இரண்டு வேலை நாளில் 100 பங்கும் அவன் பெயரில் ஏறியிருந்தது.