பண்பாட்டின் மீது சுமத்தப்படும் பழி: இத்தாலியின் தென்பகுதி பற்றிய இரு நூல்கள்

வளர்ச்சியடைந்த நாடுகளுள் ஒன்றாக இத்தாலி எண்ணப்படுகின்றது. ஆயினும் அதன் தென்பகுதியின் தலா உற்பத்தி, வட, மத்திய பகுதிகளினதில் பாதிக்குச் சற்றே மேற்பட்டதாக இன்றும் உள்ளது. இந்நிலைக்குப் பண்பாட்டைக் காரணங்காட்டும் நூல்களுள் இரண்டு பெருஞ்செல்வாக்குப் பெற்றன. தென்னிலக் கிராமமொன்றை ஆராய்ந்த எட்வேட் பான்பீல்ட், தன் குடும்பத்தின் உடனடி நலனுக்கப்பால் எதனையும் நாடாத மனப்பாங்கே பின்னடைவின் வேரென 1958 இல் எழுதினார். 1993 இல் றொபேட் பட்னம், 1970 இல் நிறுவப்பட்ட பிராந்திய அரசாங்கங்களை ஒப்பிட்டு, வடக்கின் குடிமைப் பண்பை மத்தியகால நகர்க் குடியரசுகளிலும், தெற்கின் குறையை நோர்மானிய முடியாட்சியிலும் கண்டார்.

பட்னத்தின் கள ஆய்வு போற்றற்குரியது. ஆனால், அவரது வரலாற்று விளக்கம் காலத்தின் சோதனையைத் தாங்குவதன்று. 1950 இல் தென்பகுதி அபிவிருத்தி நிதியம் நிறுவப்பட்டது, நிலச்சீர்திருத்தம் தொடங்கியது, பாதைகளும் நீர்ப்பாசனமும் பெருகின. அடுத்த இருபதாண்டுகளில் வருமான இடைவெளி குறுகியது. இலட்சக்கணக்கானோர் துரின், மிலான் ஆலைகளை நோக்கிப் பெயர்ந்தமையும் இதற்கு ஒரு காரணமே. 1973 இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் இப்போக்கு நின்றது. தாரந்தோவில் 1965 இல் திறக்கப்பட்ட உருக்காலை போன்ற மூலதனச்செறிவுமிக்க ஆலைகள் சுற்றுப்புறத்திற் சிறுகைத்தொழில்களைப் போதியளவு தோற்றுவிக்கவில்லை. நிதியமும் கட்சி ஆதரவாளர்க்குச் சலுகை வழங்கும் கருவியாயிற்று. எண்ணூறாண்டுப் பண்பாடு இருபதாண்டு உறங்கிப் பின் விழித்தது எனக் கொள்ளுதல் பொருந்துமா?

இவர்களுக்கு முன்னரே, 1926 இல், அந்தோனியோ கிராம்சி இப்பிரச்சினையை வர்க்க உறவுகளில் வைத்து நோக்கினார். தென்னவர் பிறப்பிலேயே தாழ்ந்தோர் என்ற அக்காலக் கூற்றை மறுத்த அவர், வடக்கின் ஆலை முதலாளிகளும் தெற்கின் பெருநிலவுடைமையாளரும் கொண்ட கூட்டினைச் சுட்டினார். 1887 இன் காப்புவரி இதற்குத் தக்க சான்று. அது வடக்கின் ஆலைகளையும் தெற்கின் பெருநிலக் கோதுமையையும் காத்தது. பிரான்சுடன் மூண்ட வர்த்தகப் போரில் நசுங்கியதோ தெற்கின் திராட்சைமது ஏற்றுமதி.

மக்களிடையே நம்பிக்கையின்மை நிலவுவது மெய்யாகலாம். ஆனால், நிலமும் தொழிலும் நீதியும் சிலரின் தயவிற் கிடைக்கும் சமுதாயத்தில் அது விளைவேயன்றி முதற்காரணமன்று. விளைவைக் காரணமாக்கும் ஆய்வு, கொள்கை வகுத்தோரை விடுவித்து, வறியோரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றது. இவ்விரு நூல்களின் அடிப்படைக் குறைபாடு இதுவே.