இரண்டே வேஷங்கள்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் குன்றைக் காணும்போது, உச்சியிலுள்ள சிவாலயமும், குகையில் ஆதிமனிதன் கீறிவைத்த உருவங்களும், 1760-இல் அயர் கூட்டின் ஆங்கிலச் சேனை கைப்பற்றிய கோட்டையும் நினைவுக்கு வருவதற்கு முன்னால், என் போன்ற விளையாட்டுப் பித்தனுக்கு ஆடுபுலிக் கட்டமே மனத்தில் எழுகிறது. சிகரத்தில் ஒரு புள்ளி, அதிலிருந்து சரிந்திறங்கும் நான்கு கோடுகள், குறுக்கே நான்கு, ஓரங்களில் இரண்டு. ஆக 23 ஸ்தானங்கள். அவற்றில் 3 புலிகள், 15 ஆடுகள்.

மேஜையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற அமெரிக்க விளையாட்டை 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்டபோது, போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூன்றே நாயக வகைகள் இருந்தன. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பிலோ அவை பதினொன்றாகி, ஒவ்வொன்றுக்கும் விசேஷத் திறமைகளின் நீண்ட ஜாபிதாவும் சேர்ந்துகொண்டது. அந்த அலங்காரத்தில் இன்பமில்லை என்று நான் வாதிக்கப்போவதில்லை. ஆயினும் அங்கே பாத்திரத்தின் குணம் பெரும்பாலும் ஆட்டம் தொடங்குமுன்பே காகிதத்தில் எழுதப்பட்டுவிடுகிறது.

ஆடுபுலியிலோ எழுதிவைக்க ஒன்றுமில்லை. இரண்டும் கோட்டின் வழியே ஓரடிதான் நகரும். அடுத்து நிற்கும் ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள காலியிடத்தில் குதித்து அதை வெட்டலாம் என்ற ஒரே சலுகைதான் புலியைப் புலியாக்குகிறது. ஆடுகளாகிய புளியங்கொட்டைகளுக்குள் பேதமே இல்லை. ஆனாலும் பின்னிடம் காலியாக நிற்கும் ஆடு இரையாகிறது. அதே கோட்டில் பின்னால் தோழனொருவன் வந்து நின்ற மாத்திரத்தில் அதுவே அரணாகிறது. அடிக்கோட்டின் மூலையில் வைத்ததைத் தாண்டிக் குதிக்கப் புலிக்கு இடமே இல்லை. பதினைந்தும் இறங்கும்வரை இறங்கியவை அசையலாகாது என்ற நிர்ப்பந்தமோ, முதலில் வைக்கப்பட்ட ஆட்டுக்கு, எந்த ஜாபிதாவும் கொடுக்க முடியாத பொறுமையையும் சில வேளைகளில் தியாகத்தையும் கொடுத்துவிடுகிறது. குணத்தை ஸ்தானமே சிருஷ்டிக்கும் இந்த நயத்தை, திறமைகள் பெருகிய எந்த ஆட்டத்திலும் இவ்வளவு துலக்கமாக நான் கண்டதில்லை.

இதே இனத்து ‘பாக் சால்’ ஆட்டத்தில் நேபாளத்தார் 25 புள்ளிகளில் 4 புலிகளையும் 20 ஆடுகளையும் வைத்தாடுகிறார்களேயன்றி, நரி, யானையென்று மூன்றாவதொரு பிராணியைச் சேர்த்தாரில்லை.