வெள்ளையரின் நம்பிக்கையும் கறுப்பரின் மானமும்

1970ஆம் ஆண்டு மார்ட்டின் ரிட் இயக்கத்தில் வெளிவந்த "தி கிரேட் ஒயிட் ஹோப்" என்னும் அமெரிக்கப் படம் ஒரு குத்துச்சண்டை வீரனின் கதை. எனினும் அதில் சண்டைக் காட்சிகள் குறைவே. அதனைக் குறையென்று நாம் கூறோம். இப்படம் காட்டும் அடிகள் கோதாவுக்கு வெளியே விழுந்தவை.

கதைக்கு மூலமானவர் ஜாக் ஜான்சன். 1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று, உலகக் கனரகப் பட்டம் பெற்ற முதற் கறுப்பர் அவரே. இதைப் பொறாதார், ஓய்வு பெற்றிருந்த ஜேம்ஸ் ஜெஃப்ரீஸை அழைத்து, 1910 ஜூலை 4இல் ரீனோவில் அவருக்கெதிரே நிறுத்தினர். ஜான்சனே வென்றார். தோல்வியின் ஆத்திரம் பல ஊர்களில் கறுப்பர்மீது பாய்ந்து உயிர்களைக் குடித்தது. கைவலியால் வெல்லாதோர் பின்பு சட்டத்தை ஏவினர். பெண்களைத் தீய நோக்கத்துடன் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்வதைத் தடுக்கும் மான் சட்டத்தின்கீழ், 1913இல் அவர் குற்றவாளியாக்கப்பட்டார். வெள்ளை மாதரோடு வாழத் துணிந்ததே அவர்மீது அவர்களுக்கிருந்த உண்மைக் கோபம்.

படத்தில் அவர் பெயர் ஜாக் ஜெஃபர்சன். காதலி எலினோரை அரசாங்க வக்கீல் விசாரிக்கும் காட்சியை வாசகர்கள் ஊன்றி நோக்குவாராக. அங்கே கூச்சலில்லை, வசையில்லை. வழக்குக்கேற்ற ஒரு விடையை அவள் வாயிலிருந்து வருவிக்க நயமாக முயல்கிறார்கள். நாளெல்லாம் ஏட்டிலும் தாளிலும் உழல்கின்ற நமக்கு, சண்டையைவிட இந்த நயமே அச்சம் தந்தது.

தன் வெற்றிக்காகப் பிரார்த்திக்க வந்த தன்னினத்தாரிடமும் ஜெஃபர்சன் கடிந்து பேசுகிறான். உங்களுக்கு மானம் இல்லையேல் என் குத்து அதனைத் தந்துவிடாது என்பது அவன் பேச்சின் கருத்து. ஒரு வீரனின் புகழில் குளிர்காயும் எந்தச் சமூகமும் எண்ணிப்பார்க்க வேண்டிய சொல் இது. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் அதனைச் சிரித்துக்கொண்டே கூறுவது மேலும் சுடுகிறது.

குறையும் உண்டு. ஹோவர்ட் சாக்லரின் மேடை நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டமையால், சில காட்சிகளில் மேடையின் உரத்த குரல் அடங்கவில்லை. ஜேன் அலெக்சாண்டர் உயிர் கொடுத்து நடித்தும், எலினோரின் சாவு நாயகனை முறிக்கும் கருவியாகவே பயன்படுகிறது. அவள் உள்ளம் நமக்கு முழுதும் திறக்கப்படவில்லை.

ஜெஃபர்சன் ஹவானாவில் தோற்பதோடு படம் முடிகிறது. மெய்யான ஜான்சனோ 1915இல் அங்குத் தோற்று, 1920இல் நாடு திரும்பிச் சிறை சென்றார், 1946இல் மாண்டார். அரசாங்கத்தின் மன்னிப்பு 2018இல் வந்தது. குற்றமற்றவனுக்கு மன்னிப்பு அளிப்பது என்ன நீதி? மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார்? இதனை எண்ணியபடியே இப்படத்தைக் காணுமாறு வாசகர்களை வேண்டுகிறோம்.