மூன்று சுற்றும் ஒரே தீர்ப்பும்

கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் நாக் அவுட்டோ சரணடைதலோ இல்லாமல் நேரம் முடிந்துவிட்டால், கூண்டுக்கு வெளியே அமர்ந்திருக்கும் மூன்று நீதிபதிகள் வெற்றியாளரைச் சொல்கிறார்கள். தீர்ப்பு பிடிக்காதபோது ரசிகர்கள் நீதிபதியின் கண்ணைக் குறை சொல்கிறார்கள். அவர் கையில் கொடுக்கப்பட்ட கணக்கு முறையைக் குறை சொல்பவர்கள் குறைவு. ஆனால் கூண்டுக்குள் வீரர் போடும் திட்டம் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் உருவாகிறது.

அமெரிக்காவின் யூஎஃப்சி அமைப்பு குத்துச்சண்டையிலிருந்து எடுத்துக்கொண்டது சுற்றுவாரிக் கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் மேலோங்கியவருக்கு 10 புள்ளி, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. இதன் கோளாறு எளிதில் தெரியக்கூடியது: மயிரிழையில் வென்ற சுற்றும் தெளிவாக வென்ற சுற்றும் பெரும்பாலும் ஒரே 10–9 ஆகிவிடுகின்றன. நான்கரை நிமிடம் சமமாகப் போன சுற்றின் கடைசி அரை நிமிடத்தில் எதிராளியைக் கீழே வீழ்த்தி மேலே அமர்ந்துகொண்டால் அந்தச் சுற்று கைக்கு வந்துவிடலாம். அடிக்காமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நேரத்தை ஓட்டும் மல்யுத்த உத்தி வளர்ந்ததற்கும் இந்தக் கணக்கு ஒரு காரணம். தற்போதைய விதிகள் தாக்கத்துக்கே முதலிடம் தருகின்றன. கூண்டின் நடுவைப் பிடித்திருப்பது கடைசியாகவே எண்ணப்படுகிறது. இருந்தும் பழக்கம் முழுவதும் போய்விடவில்லை.

மலேசியத் தமிழர்கள் இந்த விளையாட்டை அதிகம் அறிந்தது 2011இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஒன் சாம்பியன்ஷிப் வழியாக. அங்கே கணக்கு வேறு. சுற்றுச் சுற்றாகப் புள்ளி போடாமல், முழு ஆட்டத்தையும் ஒன்றாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நாக் அவுட்டுக்கோ சரணடைதலுக்கோ மிக அருகில் கொண்டுசென்றது முதலில், உடலில் ஏற்படுத்திய சேதம் அடுத்து. அதன் பின்னரே தொடர் அடிகளும் தரைப்பிடியும், வீழ்த்துதலும் அதைத் தடுத்தலும், முன்னேறித் தாக்கும் முனைப்பும் வருகின்றன. தரையில் முட்டியிட்டிருப்பவரின் தலையில் முழங்காலால் இடிக்கவும் ஒன் அனுமதிக்கிறது. ஆகவே வீழ்த்தப் பாய்ந்து தோற்பவர் புள்ளியை மட்டுமல்ல, தலையையும் பணயம் வைக்கிறார். சும்மா கட்டிப்பிடித்துக் கிடப்பவருக்கு மஞ்சள் அட்டையும் உண்டு. உத்தியைச் சீர்படுத்துவதில் இந்த முறை சுற்றுவாரிக் கணக்கைவிட மேலானது.

ஆனால் தீர்ப்பை விளக்குவதில் அது பின்தங்கி நிற்கிறது. மலேசியாவின் செந்தூலைச் சேர்ந்த ஒன் வீரர் அகிலன் தணியின் ஆட்டங்களில் இது தெரியும். பிடிச்சண்டையைப் பலமாகக் கொண்ட இவர், 2017 மே 26 அன்று சிங்கப்பூரில் பென் ஆஸ்க்ரனை எதிர்த்து வெல்டர்வெயிட் பட்டத்துக்கு மோதி முதல் சுற்றிலேயே கழுத்துப் பிடியில் சரணடைந்தார். அங்கே நீதிபதிகளுக்கு வேலை இருக்கவில்லை. 2019 ஜூனில் ஷாங்காயில் முன்னாள் ஜூடோ வீரர் யோஷிஹிரோ அகியாமாவை ஒருமித்த தீர்ப்பில் வென்றார். 2020 ஜனவரியில் பாங்காக்கில் டான்டே ஷிரோவை வென்றது பிளவுத் தீர்ப்பில்: இரண்டு நீதிபதிகள் அகிலனுக்கு, ஒருவர் ஷிரோவுக்கு. அந்த ஒருவர் எதைப் பெரிதாக எண்ணினார்? சேதத்தையா, சரணடைய வைக்கும் முயற்சியையா? வெளியே வருவது ஒரு பெயர் மட்டுமே. தோற்றவருடைய பயிற்சியாளர் அதிலிருந்து எதைத் திருத்துவார்?

2020 பிப்ரவரி 8 அன்று ஹியூஸ்டனில் நடந்த ஜான் ஜோன்ஸ் – டொமினிக் ரேயஸ் யூஎஃப்சி ஆட்டத்தோடு இதை ஒப்பிடலாம். மூவரும் ஜோன்ஸுக்கே தந்தார்கள்: இருவர் 48–47, மூன்றாமவர் 49–46. ரேயஸுக்கு ஒரே ஒரு சுற்றுதானா என்று அந்த மூன்றாவது தாளை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கேள்வி கேட்பதற்கு ஒரு தாளாவது இருந்தது. குறையுள்ள முறைதான் பதில் சொல்ல வேண்டியதாகவும் இருக்கிறது. இது ஒரு வேடிக்கை. ஒன்னில் 2019 ஜனவரியில் ஜகார்த்தாவில் ஜோஷுவா பாசியோ பிளவுத் தீர்ப்பில் யோசுகே சருதாவிடம் பட்டத்தை இழந்தபோது, வாதத்துக்கு முடிவு ஏப்ரலில் மணிலாவில் நடந்த மறு ஆட்டத்தில்தான் வந்தது. நான்காம் சுற்றில் பாசியோ அடித்த நாக் அவுட்டுக்கு நீதிபதி தேவைப்படவில்லை.

முழு ஆட்டத்தை ஒன்றாகப் பார்ப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்ட ஆட்டம் ஐந்து ஐந்து நிமிடமாக ஐந்து சுற்று, மொத்தம் 25 நிமிடம். முதல் சுற்றில் வாங்கிய அடி மங்கி, கடைசிச் சுற்றின் பாய்ச்சல் கண்ணில் நிற்பது மனித இயல்பு. சுற்றுவாரிக் கணக்கு அந்த மறதிக்கு ஓர் அணை. முழு ஆட்ட முறையில் அந்த அணை இல்லை.

கோப்பெங், ஈப்போ வட்டாரத்துத் தோட்டங்களுக்குத் தமிழரோடு வந்த சிலம்பத்தில் இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய தீர்வு இருந்தது. கம்பு நுனியில் ஒட்டும் பொடியைத் தடவித் தொட்டு ஆடினால், எங்கே பட்டது என்பதை உடம்பே காட்டிவிடும். யாருக்கு எத்தனை தொடுதல் என்று ஆட்டம் முடிந்த பிறகும் எண்ணிப் பார்க்கலாம். அதற்கும் விலை உண்டு: வலுவான வீச்சும் நுனி உரசலும் ஒரே கணக்கில் விழுகின்றன. சேதத்தை அளக்க முயலும் கூண்டுச் சண்டைக்கு அந்தப் பொடி உதவாது.

புள்ளிகளைச் சுற்று முடிந்ததும் அறிவிக்கும் வெளிப்படை முறையை 2020 மார்ச்சில் கன்சாஸில் இன்விக்டா அமைப்பு கையாண்டது. பின்தங்கியவருக்கு அது நல்ல எச்சரிக்கை. முன்னிலையில் இருப்பவருக்கோ ஓடி ஒளிய அனுமதிச் சீட்டு. ஒன் அந்த வழிக்குப் போக வேண்டியதில்லை. ஒன்னின் அளவுகோல்களில் எது தீர்ப்பை முடிவு செய்தது என்று ஒவ்வொரு நீதிபதியும் ஒரு வரி எழுதி, ஆட்டம் முடிந்தபின் வெளியிட்டால் போதும். ஆட்டத்தின் நடுவே யாரும் அறியாததால் உத்தி கெடாது. நீதிபதிக்கு வேலை ஒரு நிமிடம் கூடும்.