சாட்சியத்தை யார் வாசிக்கிறார்கள்?

எல்லாமே கதையாடல்தான், உண்மை என்பது கட்டமைக்கப்படுவதுதான் என்கிறோம். சரி. ஆனால் யாருடைய கதையாடலிடம் மட்டும் அத்தாட்சி கேட்கப்படுகிறது? எல்சல்வடோரின் சாட்சியங்களை வெறும் பிரதிகளாக வாசிப்பவர்களோடு எனக்குள்ள சண்டை இதுதான்.

1981 டிசம்பரில், அமெரிக்கப் பயிற்சி பெற்ற அட்லகாட்டில் படைப்பிரிவு எல் மொசோட்டே கிராமத்தை அழித்தது. கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து, மறைந்திருந்து தப்பியவர் ருஃபினா அமயா. அவர் சொன்னதை 1982 ஜனவரியில் இரண்டு அமெரிக்க நாளிதழ்கள் வெளியிட்டன. அப்படியொரு படுகொலைக்கு ஆதாரமில்லை என்றது வாஷிங்டன். ராணுவத்தின் மறுப்புக்கு எவனும் அத்தாட்சி கேட்கல. ஒரு விவசாயப் பெண்ணிடம்தான் கேட்டாங்க. 1992இல் தோண்டியபோது தேவாலயத்தை ஒட்டிய ஒரே கட்டிடத்தில் 143 எலும்புக்கூடுகள். பெரும்பாலும் குழந்தைகள்.

அமெரிக்க எல்லையிலும் நடந்தது இதே வாசிப்புதான். ஓடிவந்தவர்களின் சொல்லை நம்பினால், தான் காசு கொடுத்து வளர்த்த ராணுவத்தின் கொலைகளை அந்த அரசு ஒப்புக்கொள்ளணும். ஆகவே அகதி, 'பிழைப்புத் தேடி வந்தவன்' ஆக்கப்பட்டான். 1984இல் விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூட அடைக்கலம் கிடைக்கல.

1993 மார்ச்சில் உண்மை ஆணையத்தின் அறிக்கை வந்தது. ஐந்தே நாளில் பொதுமன்னிப்புச் சட்டமும் வந்தது. அதை உச்சநீதிமன்றம் ரத்துசெய்தது 2016இல்தான். ருஃபினா 2007இலேயே இறந்துவிட்டார்.

சாட்சியத்தின் பிரதித்தன்மை பற்றித் தாராளமாய் எழுதுவோம். அதற்கு முன்னால், அதை நம்ப மறுத்த வாசிப்புக்குப் பின்னாலிருந்த துப்பாக்கியையும் வாசிக்கணும்.