காலங் காட்டாத கால எச்சங்கள்

ஆங்கில இலக்கணத்தைத் தமிழ் மாணவர்க்கு உணர்த்தப் புகுந்த பாடநூல்களுட் பல, 'பிரெசன்ற் பார்ற்றிசிப்பிள்' என்பதனை நிகழ்கால எச்சம் எனவும், 'பாஸ்ற் பார்ற்றிசிப்பிள்' என்பதனை இறந்தகால எச்சம் எனவும் பெயர்த்து அவ்வளவில் அமைகின்றன. பெயர்ப்பிற் பிழையில்லை, குறை மூலப்பெயரிலேயே உள்ளது. 'ஐ சோ ஹிம் றன்னிங்' என்புழி ஓட்டம் சென்ற காலத்தது. 'இற் வில் பி புறோக்கன்' என்புழி உடைதல் இனி நிகழ்வது. ஈண்டுக் காலம் உணர்த்துவது முற்றுவினையேயன்றி எச்சமன்று. இதனாலேயே டென்மார்க்கு அறிஞர் ஒற்றோ யெஸ்பர்சன் 1933இல் வெளியிட்ட நூலில் இவற்றை முதலாம் எச்சம், இரண்டாம் எச்சம் என வழங்கினார். 1985இல் வெளிவந்த குவேர்க் முதலியோரின் பேரிலக்கணமும் காலத்தை விடுத்து, 'இங்' எச்சம், 'எட்' எச்சம் என ஈற்றாற் பெயரிட்டது.

பெயர் யாதாயினென் எனலாம். பெயரை நம்பிய மாணவனே இடர்ப்படுபவன். 'போரிங் ரீச்சர்' என்பவர் பிறரைச் சலிப்பிப்பவர். 'போர்ட் ரீச்சர்' என்பவர் தாமே சலித்தவர். (இருவரும் ஒருவராதலும் உண்டு.) இங்கு வேறுபாடு காலத்ததன்று, செய்வோன், செயப்படுவோன் என்பதே. தமிழ்ப் பெயரெச்சமோ இவ்வேறுபாட்டை வடிவிற் காட்டுவதில்லை. படித்த மாணவன், படித்த நூல், படித்த பள்ளி, படித்த நாள் என ஒரே சொல் வினைமுதல், செயப்படுபொருள், இடம், காலம் யாவற்றையுங் கொள்ளும். நன்னூலார் அறுவகைப் பொருள்களைப் பெயரெச்சத்திற்கு ஓதியது இதுபற்றியே. அத்துணை விரிந்த வழக்கிற் பழகியவன், குறுகிய ஆங்கில வழக்கிற் புகும்பொழுது தடுமாறுதல் இயல்பு. பாடநூல் அத்தடுமாற்றத்தின் வேரைக் காட்டாது, பிழைதிருத்தப் பயிற்சிகளை மட்டும் அடுக்குகின்றது. 'உதிர்ந்த இலை', 'ஓய்வுபெற்ற ஆசிரியர்' என்பவற்றை ஆங்கிலத்தார் 'எட்' எச்சத்தாற் கூறுவர். அங்கே செயப்பாட்டுப் பொருளில்லை, வினை முடிந்தமையே உண்டு. அவ்விடத்து மட்டும் பழைய பெயர் ஓரளவு பொருந்தும்.

இனி, தனித்து நிற்கும் எச்சம் என்று ஆங்கில நூலார் கண்டிக்கும் வழு. தெருவில் நடந்து செல்கையில் நாய் கடித்ததென எழுத விரும்பும் மாணவன், 'வோக்கிங் அலோங் த றோட், எ டோக் பிற் மீ' என்பான். அவ்வாக்கியப்படி நடந்தது நாய். ஏன் இவ்வாறு எழுதினான்? 'செல்கையில்' என்பது பிற வினைமுதலையும் ஏற்கும்; 'சென்று' என்பது ஏலாது. ஆங்கில எச்சம் 'சென்று' போன்றது. அவனோ அதனைச் 'செல்கையில்' என்பதற்கு ஈடாக வைத்தான். செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதல் வினையே கொள்ளும், செய என்பது பிறவும் ஏற்கும் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் வரையறுத்துள்ளார். 'மணி அடித்து மாணவர் வந்தனர்' என்னாது 'மணி அடிக்க மாணவர் வந்தனர்' என்று கூறத் தெரிந்த சிறுவனுக்கு, ஆங்கில விதி புதிதன்று. அடுத்தடுத்த வகுப்பறைகளில் ஒரே விதியை இருவர் இரு பெயரிற் கற்பிக்கின்றனர். ஒருவர் கற்பிப்பதை மற்றவர் அறியார். மாணவனோ இரண்டையும் நெட்டுருச் செய்து, பரீட்சையில் இரண்டிலும் புள்ளி இழக்கின்றான்.

விதிக்குப் புறனடையும் இரு மொழியிலும் உண்டு. 'மழை பெய்து நெல் விளைந்தது' என்பதனைப் பெய்ய எனத் திரித்துப் பொருள்கொண்டு நம் உரையாசிரியர் அமைத்தனர். சேக்சுபியரின் 'ஹாம்லெற்' நாடகத்தில் இறந்த அரசனின் ஆவி தன் மரணத்தைக் கூறுமிடத்து, உறங்கியவன் அரசனாயிருக்க வாக்கியத்தின் எழுவாய் பாம்பாயிருக்கின்றது. அதனை வழுவெனத் தள்ளுவாரும் கேட்டுப் பொருள் மயங்கியதில்லை. 1926இல் பௌலர் தம் வழக்ககராதியில் இத்தகைய எச்சங்களைக் கடிந்தாரெனினும், 'கொன்சிடறிங்' போன்ற சில, எச்சத்தன்மை நீங்கி உருபிடைச்சொற்களாக மாறிவருவதையும் ஏற்றுக்கொண்டார். 'அவரைப் பற்றிப் பேசினர்', 'ஊரை நோக்கி நடந்தனர்' என்னும் தொடர்களிற் பற்றி, நோக்கி என்பன இங்ஙனம் சொல்லுருபானவையே. பேசினவர் எவரையும் கையாற் பற்றவில்லை.