நிறுத்திவிட்டால் போதுமா?

தற்காலிக ஆசிரியர் ஒருவர் மீது பிள்ளைகள் புகார் சொன்னால் நம் பள்ளிகளில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். தலைமையாசிரியர் அவரைத் தனியே கூப்பிட்டு, ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்கிறார். வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து அன்றோடு நின்றுவிடும். ஏன் நின்றது என்பது எந்தத் தாளிலும் இருக்காது.

இந்தப் பழக்கத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. நிரந்தர ஆசிரியர் என்றால் சஸ்பெண்ட், 17(ஆ) விதிப்படி குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை அலுவலர், மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும். நடுவில் டிரான்ஸ்பர் போட்டு விவகாரத்தை முடித்துக்கொள்வதும் உண்டு. தற்காலிக ஆசிரியர் விஷயத்தில், புகார் சொன்ன பிள்ளை மறுநாள் அதே முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எந்தச் சீர்திருத்தம் வந்தாலும் இந்த வேகத்தை இழக்கக் கூடாது.

ஆனால் இந்த வேகத்தால் காப்பாற்றப்படுவது ஒரு பள்ளியின் பிள்ளைகள் மட்டும்தான். காஞ்சிபுரத்தை அடுத்து, பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கும் முசரவாக்கம் போன்ற ஊரை எண்ணிப் பாருங்கள். அங்கே இப்படி நடந்தது என்று சொல்லவில்லை; இந்த வட்டாரத்தின் எந்த ஊரிலும் நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். அப்பா தறியில் உட்காருகிறார், அம்மா கம்பெனி வேன் ஏறி ஒரகடம் போகிறார். ஷிப்ட் முடிந்து வந்த அம்மாவிடம் ராத்திரி மகள் அந்த ஆசிரியரைப் பற்றி மெல்லச் சொல்கிறாள். மறுநாள் காலை சம்பளத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வரும் அம்மாவின் முதல் வார்த்தை, ‘பொண்ணு பேரு வெளிய வந்துடக் கூடாது சார்’ என்பதாகத்தான் இருக்கும். தலைமையாசிரியருக்குப் பள்ளியின் பெயரைப் பற்றிய கவலை. இரண்டு பயமும் கைகோத்து ஆளை வெளியே அனுப்பிவிடுகின்றன. பாலுசெட்டிச்சத்திரத்திலோ காஞ்சிபுரத்திலோ, பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில், இன்னொரு காலியிடம் அவருக்குக் காத்திருக்கிறது. அந்தப் பள்ளிக்கு ஆள் அவசரம். சான்றிதழ் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முந்தைய இடத்தில் ஏன் நின்றார் என்று கேட்க மாட்டார்கள்.

2022இல் தமிழக அரசு 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப முடிவெடுத்தது. அப்போது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 என்று சம்பளம் வைத்தது. உள்ளூர்க் குழுவே ஆளை எடுத்தால் காலியிடங்களைச் சீக்கிரம் நிரப்பலாம் என்பது உண்மை. அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எடுக்கத் தெரிந்த குழுவுக்கு, புகார் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தது யார்?

சட்டத்தில் குறை அதிகமில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிய வந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். கீழே இருப்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு 21ஆவது பிரிவு ஓராண்டு வரை சிறை வைத்திருக்கிறது. ஆக, ஆளை அனுப்பிவிட்டுப் பிரச்சினையைத் தீர்த்ததாக நிம்மதி அடையும் தலைமையாசிரியர், தானே குற்றவாளியாகிறார். பிள்ளையின் பெயர் வெளியே வரக் கூடாது என்பதற்கும் அதே சட்டத்தின் 23ஆவது பிரிவில் காப்பு இருக்கிறது; அதை அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். 2020இன் போக்சோ விதிகள், நிரந்தரம் ஒப்பந்தம் என்ற வேறுபாடு இல்லாமல், பிள்ளைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும் என்கின்றன. ஆனால் வழக்கே பதியாமல் அனுப்பப்பட்டவரைப் பற்றி போலீஸ் பதிவேட்டில் என்ன இருக்கும்? பாலியல் குற்றத்தில் சிக்கும் ஆசிரியரின் சான்றிதழையே ரத்து செய்ய 2012 அரசாணை இடம் தருகிறது. விசாரணையே தொடங்காதபோது அதுவும் தூங்குகிறது.

வெளியாட்களைச் சரிபார்க்காமல் உள்ளே விட்டதன் விலையை 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பார்த்தோம். தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் நடந்த பயிற்சியில் எட்டாம் வகுப்பு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அந்த முகாமுக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை. புகாரை மூடி மறைத்ததாகப் பள்ளி முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். முகாமை நடத்திய ஆள் வேறு பள்ளிகளிலும் முகாம் நடத்தியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாப் புகாரும் பாலியல் புகார் அல்ல. அடித்தார், சாதியைச் சொல்லிப் பேசினார் என்பவை உண்டு. ஊர்ப் பகையில் எழுந்தவையும் இருக்கலாம். தவறே செய்யாத ஓர் இளம் ஆசிரியையும் அதே ஒற்றை வாக்கியத்தில்தான் வெளியேற்றப்படுகிறார். அதன்பின் ஊரே அவரைப் பற்றிப் பேசும். அவர் பேச ஓர் இடம் கிடையாது. தற்காலிக அரசுப் பணியாளர் என்றாலும், தண்டனையாக நீக்குவதானால் வாய்ப்புக் கொடுத்துக் கேட்க வேண்டும் என்று திங்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957லேயே சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம், நவோதயா பள்ளி ஆசிரியர் ஒருவரின் வழக்கில், மாணவியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் முழு விசாரணை கட்டாயமில்லை என்றும் 1996இல் ஏற்றுக்கொண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்கு வேண்டிய வழி தெரிகிறது: பிள்ளையைப் படுத்தாத, ஆனால் ஆசிரியரின் பதிலைக் கேட்டு எழுதிவைக்கிற, குறுகிய விசாரணை.

இங்கிலாந்தில் ஏஜென்சிகள் வழியாக மாற்று ஆசிரியர்கள் வருவது அன்றாட வழக்கம். அங்கே பள்ளிகளுக்கான குழந்தைப் பாதுகாப்பு வழிகாட்டுதல் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: பாதுகாப்பு சார்ந்த புகாருக்காக மாற்று ஆசிரியரை வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது, உண்மையைக் கண்டறிய வேண்டும், உள்ளாட்சியின் பொறுப்பு அலுவலரைக் கலந்துகொள்ள வேண்டும். அவர் எங்கள் ஊழியர் இல்லை என்று பள்ளி கைகழுவ அங்கே வழியில்லை.

இங்கேயும் அன்றே விலக்கி வைக்கலாம், விலக்க வேண்டும். பாலியல் புகார் என்றால் அன்றே காவல் நிலையத்துக்கும் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்ல வேண்டும். மற்றவற்றில் வட்டாரக் கல்வி அலுவலர் விசாரித்து மூன்று வாரத்தில் முடிவை எழுத வேண்டும். ஆசிரியர் பாதியில் விலகிப் போனாலும் விசாரணை முடிய வேண்டும். மாவட்டத்தில் அடுத்த பள்ளி அவரை எடுக்குமுன் அந்த முடிவைப் பார்க்க வேண்டும். புகார் பொய் என்றால் அதுவும் அந்த முடிவில் இருக்க வேண்டும். சஸ்பெண்டில் இருக்கும் நிரந்தர ஆசிரியருக்குப் பிழைப்பூதியம் உண்டு. தற்காலிக ஆசிரியருக்கும் பாதி என்று வைத்தால், 2022இன் 7,500 ரூபாய்க் கணக்கில் மாதம் 3,750 ரூபாய். மூன்று வாரத்துக்கு அதைக் கொடுக்க மாவட்ட நிர்வாகத்தால் முடியும்.